செங்கழுகு வந்த வழி

கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு. இறக்கைகளை விரித்துப் பறக்கிற பறவை, உள்ளங்கையில் அடங்குகிற சதுரம். இரண்டாம் உலகப் போரில் 4-ஆம் இந்திய டிவிஷன் தோளில் அணிந்த சின்னம் இது. எகிப்தின் மணல், எரித்ரியாவின் மலை, துனிசியாவின் பள்ளத்தாக்கு, இத்தாலியின் சேறு, கடைசியாக கிரீஸ் என்று சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போன துணி. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழொட்டிவாக்கத்தில் பிறந்த ஒருவர் அந்த டிவிஷனில் சுபேதாராக இருந்தார். 1944-இல் இத்தாலி மண்ணில் கூட்டாளிகளுக்காக உயிரைக் கொடுத்தார். அதனால் அந்தக் கழுகின் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது.

அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களும் ஏராளம். அவர்கள் எடுத்து அனுப்பிய படங்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன: ஸ்டூடியோ திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் இளைஞன், லாரியின் மேல் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நால்வர், கூடாரத்து வாசலில் கையில் தேநீர்க் குவளையோடு ஒருவர். "பட்டாளத்துத் தாத்தா" என்பதைத் தவிர வேறு விவரம் இல்லாத படங்களே அதிகம். எந்தப் பட்டாளம், எந்த நாடு, எந்த வருஷம் என்று கேட்டால் வீட்டில் பதில் இருக்காது. படத்தில் இருக்கிற தோள் துணிக்குப் பதில் தெரியும். அதை எப்படிப் படிப்பது என்பதற்காகவே இந்தக் கழுகின் பயணத்தை அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

துணிக்கு ஏன் வேலை வந்தது

படைக்குச் சின்னம் வேண்டும் என்பது நமக்குப் புதிதில்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில், காஞ்சியை ஆண்ட பல்லவனுக்கு எருது. கொடியில் இருந்த சின்னம் சிப்பாயின் சட்டைக் கைக்கு இறங்கியது முதல் உலகப் போரில்தான். பிரான்ஸில் லட்சக்கணக்கான ஆட்கள் ஒரே காக்கியில் கலந்து கிடந்தபோது, யார் எந்த டிவிஷன் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. எண்ணை எழுதி வைத்தால் எதிரிக்கும் தெரிந்துவிடும். ஆகவே படம் போட்டார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது அடையாளம், வெளியே இருப்பவனுக்கு வெறும் பறவை. போர் முடிந்ததும் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். இரண்டாம் போர் தொடங்கியதும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்திய டிவிஷன்களின் சின்னங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன உலகமே தெரியும். 5-ஆம் டிவிஷனுக்குக் கறுப்பில் சிவப்பு வட்டம், அதை நெருப்புப் பந்து என்றார்கள். 7-க்குத் தங்க அம்பு. 17-க்குக் கறுப்புப் பூனை. 19-க்குக் குத்துவாள் பிடித்த கை. 20-க்கு வளைந்த வாள் ஏந்திய கை. 23-க்குச் சண்டைச் சேவல். 25-க்குச் சீட்டுக்கட்டின் இஸ்பேட் ஆஸ். 26-க்கு நீல முக்கோணத்திலிருந்து வெளியே வரும் வங்கப் புலி. பர்மாவை மீட்ட 14-ஆம் ராணுவத்துக்குச் சிவப்பும் கறுப்புமான கேடயத்தில், முனை கீழே பார்த்த வாள். வாளை மேல்நோக்கி வரைவதுதான் மரபு. வடக்கிலிருந்து கீழே இறங்கித்தான் பர்மாவைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த ராணுவத்தின் தளபதி ஜெனரல் ஸ்லிம் அதைத் திருப்பி வைத்தார் என்பார்கள்.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. 20-ஆம் டிவிஷனும் 25-ஆம் டிவிஷனும் 1942-இல் பெங்களூரில் உருவானவை. ஜப்பான்காரன் கடல் வழியே வந்து இறங்குவான் என்று சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 4-ஆம் பட்டாளம் 20-ஆம் டிவிஷனோடு பர்மாப் போர்முனைக்குப் போனது. வளைந்த வாள் சின்னத்தோடு ஒரு தமிழ் முகம் படத்தில் இருந்தால், முதலில் அந்தத் திசையில் தேடலாம்.

துணியைத் திருப்பிப் பாருங்கள்

அந்தச் சின்னங்கள் எல்லாம் ஒரே மாதிரி செய்யப்பட்டவை இல்லை. ஒரே கழுகு நான்கைந்து விதமாகக் கிடைக்கும். பிரிட்டனில் பருத்தித் துணியில் அச்சடித்தவை உண்டு. இந்தியாவில் காக்கி டிரில் துணியிலோ கம்பளித் துணியிலோ கையாலும் எந்திரத்தாலும் எம்பிராய்டரி போட்டவை உண்டு. ஒரு நிறக் கம்பளியை வெட்டி இன்னொரு நிறத்தின் மேல் வைத்து ஓரம் தைத்தவையும் உண்டு. பட்டாளம் எந்த ஊரில் தங்கியதோ அந்த ஊர்த் தையல்காரரிடம் செய்துகொண்டவையும் உண்டு. ஆகவே கழுகின் அலகும் இறக்கையும் படத்துக்குப் படம் மாறும். அலகு கொஞ்சம் நீண்டிருக்கிறது என்பதற்காக அது வேறு டிவிஷன் ஆகிவிடாது.

இதைப் புரிந்துகொள்ளச் சின்ன காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்கே ஒரு புடவையைக் கையில் எடுக்கும் நெசவாளி முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். புட்டாவின் பின்பக்கம் ஜரிகை எப்படி ஓடுகிறது, கரை உடலோடு சேரும் கோர்வையில் ஊடை எப்படிப் பூட்டியிருக்கிறது, முந்தானை உடலோடு சேரும் பேட்னியில் பாவு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதிலிருந்து கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லிவிடுவார். தோள் சின்னத்துக்கும் அதே பரிசோதனைதான். அச்சடித்த துணி என்றால் பின்பக்கம் நிறம் வெளிறி இருக்கும், நூல் எதுவும் துருத்தாது. நெய்தது என்றால் நிற நூல் பின்னால் கரையிலிருந்து கரைவரை மிதந்து போகும். எம்பிராய்டரி என்றால் முடிச்சும், ஓர் இறகிலிருந்து இன்னோர் இறகுக்குத் தாவுகிற நூலும் தெரியும். வைத்துத் தைத்தது என்றால் கழுகின் வடிவம் வெறும் தையல் கோடாகப் பின்னால் விழுந்திருக்கும்.

பின்பக்கம் இன்னும் சிலவற்றையும் சொல்லும். வெயில் நாடுகளில் சட்டை அடிக்கடி சலவைக்குப் போகும். சாயம் ஓடக்கூடாது என்று சின்னத்தைத் தைக்காமல் அமுக்குப் பொத்தானிலோ கொக்கியிலோ மாட்டிக்கொண்டார்கள். தோள்வாரில் செருகுகிற துணி வளையத்தில் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தப் பொத்தானின் துருக்கறை வட்டமாகப் பின்னால் படிந்திருந்தால், அந்தத் துணி உண்மையிலேயே வெயிலில் வேலை செய்தது என்று நம்பலாம். போருக்குப் பிறகு செய்த போலிகள் சந்தையில் நிறைய. அவற்றைப் பிடிக்கச் சேகரிப்பாளர்கள் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். போருக்குப் பிந்தைய நூலில் சேர்க்கப்படும் வெளுப்பூட்டும் ரசாயனம் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும், பழைய பருத்தி மங்கலாகவே இருக்கும். இன்றைய சோப்பில் துவைத்த பழைய துணியும் பளிச்சிடும் என்பதால், அந்த விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நெய்தவர்களும் போரிட்டவர்களும்

இந்த ஊரில் தறியும் படையும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தன. கைக்கோளர் நெசவுக் குலத்தவர், அதே சமயம் சோழர் படையிலும் பெயர் பெற்றவர்கள். தெரிஞ்ச கைக்கோளர் என்று தேர்ந்தெடுத்த படைகளைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தப் படைகளுக்குத் தனித்தனிப் பெயரும் உண்டு: சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர், வீரசோழத் தெரிஞ்ச கைக்கோளர் என்று அரசன் பட்டத்தை முன்னால் வைத்து வழங்கினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிப்பாய் தன்னை எந்தப் படை என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதன் பின் காஞ்சிபுரம் கிழக்கிந்தியக் கம்பெனிப் போர்களின் பாதையில் விழுந்தது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். காஞ்சிபுரத்தில் நின்ற கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ தன் கனத்த பீரங்கிகளை இங்குள்ள குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். அந்த அடிக்குப் பின் இருபதே நாளில், செப்டம்பர் 30-ஆம் தேதி, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் தொடங்கப்பட்டன. பாதை வெட்டவும் பாலம் கட்டவும் அகழி தோண்டவும் ஏற்பட்ட ஆட்கள் அவர்கள். அவர்கள் வழி வந்ததுதான் பிற்காலத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், இன்று பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப். படையில் அவர்களுக்குத் "தம்பி" என்று செல்லப்பெயர்.

பழைய படங்களில் இந்தத் தம்பிகளைக் கண்டுபிடிக்கத் தோளைப் பார்க்கும் முன் தலையைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தலைப்பாகையோடு நிற்கும்போது இவர்கள் தலையில் முன்விளிம்பு இல்லாத, உயரமான வட்டத் தொப்பி இருக்கும். துப்டா என்பது அதன் பெயர். சடங்கு அணிவகுப்புப் படங்களில் இதைப் பார்த்தால் மேலும் யோசிக்க வேண்டாம், மெட்ராஸ் சாப்பர்தான்.

மணலிலிருந்து மலைக்கு

4-ஆம் டிவிஷனுக்கு மெட்ராஸ் சாப்பர்களிலிருந்து வந்த உறுப்புகளில் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் ஒன்று. பாலச் சாமான், கருவிகள், பட்டறை, கனரக எந்திரம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு டிவிஷனின் பின்னால் நகரும் கம்பெனி இது. முன்னால் போகும் சிப்பாய் சுடுவான். அவனுக்குப் பாதை இல்லையென்றால் இவர்கள் போட்டுத் தர வேண்டும். எதிரி கண்ணி புதைத்திருந்தால் இவர்கள் எடுத்துத் தர வேண்டும். புகைப்படக்காரர் கண்ணில் அதிகம் படாத வேலை, ஆனால் ஒவ்வொரு வெற்றியின் அடியிலும் இருக்கிற வேலை.

1940 டிசம்பரில் சிதி பர்ரானியில் இத்தாலியப் படையை இந்த டிவிஷன் முறியடித்தது. கையோடு எரித்ரியாவுக்குப் போய், 1941 மார்ச் 27-இல் கேரன் விழும்வரை கரும்பாறை மலைகளில் சண்டை போட்டது. அங்கே இத்தாலியர்கள் கணவாய்ப் பாதையை வெடி வைத்து அடைத்திருந்தார்கள். பாறையை அகற்றிச் சாலை திறந்தவர்கள் சாப்பர்கள். பிறகு சிரியா, மறுபடி லிபியப் பாலைவனம், எல் அலமீன், துனிசியா. 1943 மே 12-இல் ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இந்தக் கழுகு டிவிஷனிடம்தான்.

இந்தப் பாலைவனப் போரின் தொடர்ச்சியாகச் சிப்பாய்கள் சிலரின் தோளில் வேறொரு துணியும் முளைத்தது. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன், இத்தாலியப் படைகளிடம் பிடிபட்ட இந்தியர்களிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஒரு படையை அமைத்தார். ஏறக்குறைய 3,000 பேர். அவர்கள் அணிந்த சின்னத்தில் காவி, வெள்ளை, பச்சையின் மேல் பாயும் புலி, மேலே ஜெர்மன் மொழியில் "சுதந்திர இந்தியா" என்ற எழுத்து. பிரிட்டிஷ் இந்திய டிவிஷனின் சின்னத்தோடு ஒரு படத்திலும் இந்தப் புலியோடு இன்னொரு படத்திலும் ஒரே முகம் இருப்பது சாத்தியம். இரண்டையும் ஒரே மரியாதையோடு எடுத்து வைக்க வேண்டியது நம் கடமை. அந்த மனிதர் எந்தக் கட்டாயத்தில், எந்த நம்பிக்கையில் தோளை மாற்றினார் என்பதைத் துணி சொல்லாது. மாற்றினார் என்பதை மட்டும் சொல்லும்.

மிக்னானோ, 1944

1944-இன் தொடக்கத்தில் கழுகு இத்தாலிப் போர்முனையில் இருந்தது. மலை உச்சியில் மோண்டே காசினோ மடம். பிப்ரவரி 15-இல் மடத்தின் மேல் குண்டு வீசினார்கள். அதை அடுத்து 4-ஆம் டிவிஷன் மலைமேல் ஏறித் தாக்கியது, பலத்த சேதத்தோடு நின்றது. அடுத்த தாக்குதலைப் பிப்ரவரி 24-ஐ ஒட்டித் திட்டமிட்டிருந்தார்கள். மழை கொட்டியதால் அது மார்ச் 15 வரை தள்ளிப்போனது. முன்னேற முடியாமல் எல்லோரும் சேற்றில் காத்திருந்த நாட்களிலும் சாப்பர்களுக்கு ஓய்வு இல்லை. ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது புதைத்துவிட்டுப் போன கண்ணிகள் வழியெங்கும் இருந்தன.

பிப்ரவரி 24-ஆம் தேதி, காசினோவுக்குத் தென்கிழக்கே மிக்னானோவில், 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணி நீக்கும் குழு ஒன்றோடு இருந்தார். கருவியால் தரையைத் துழாவி, பாதுகாப்பான பாதையை அடையாளமிட்டுக்கொண்டு போகிற வேலை. குழுவில் ஒருவரின் கால் பட்டு ஒரு கண்ணி இயங்கியது. அது குதிக்கும் கண்ணி. மிதித்ததும் வெடிக்காது. சுமார் நான்கு விநாடி கழித்து மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளை நாலா பக்கமும் சிதறடிக்கும். அருகில் நிற்கிற எவரும் தப்ப முடியாது.

அந்த நான்கு விநாடியில் என்ன நடக்கும் என்று சுப்பிரமணியனுக்குத் தெரியும், அவருடைய தொழிலே அதுதான். ஓடவும் படுக்கவும் அவருக்கு நேரம் இருந்தது. அவர் கண்ணியின் மேல் விழுந்தார். வெடிப்பு முழுவதும் அவர் உடலில் இறங்கியது. உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

1944 ஜூனில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. நேரடி எதிரித் தாக்குதல் இல்லாத வேளையில் காட்டும் உச்ச வீரத்துக்கு உரியது அந்த விருது. அவருடைய மனைவி 1945-இல் டெல்லியில் வைஸ்ராய் வேவலின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டார். காஞ்சிபுரத்தில் பல்லவர் சிற்பத்தையும் பட்டுப் புடவையையும் பார்க்க வருகிறவர்களுக்கு, இந்த மண்ணில் இப்படி ஒரு மனிதர் பிறந்தார் என்று நாமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

படத்தில் கழுகு ஏன் தெரிவதில்லை

சுப்பிரமணியனோடு பணியாற்றியவர்களின் படம் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோளில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும்தான் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. கழுகு எங்கே போயிற்று?

பதில் ஃபிலிமில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பலர் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. சிவப்பு கறுப்பாகவே விழும். கறுப்பின் மேல் சிவப்புக் கழுகு என்றால் கறுப்பின் மேல் கறுப்பு. 5-ஆம் டிவிஷனின் சிவப்பு வட்டத்துக்கும் இதே கதி. நீலம் இதற்கு நேர்மாறாக வெளிறி விழும், கரு நீலம்கூட வெள்ளை கலந்தது போலத் தெரியும். ஆகவே சாம்பல் நிறத்தைப் பார்த்து "இது வெள்ளைச் சின்னம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சதுரத்தின் அளவு, அது தோளின் எந்த உயரத்தில் இருக்கிறது, விளிம்பு நேரா வளைவா என்பவை நிறத்தைவிட நம்பகமானவை. படத்தைச் சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தை ஓரமாக விழவிட்டால், நல்ல அச்சில் கழுகின் இறக்கை சில சமயம் மெல்லிய கோடாக வெளியே வரும்.

இன்னொரு காரணம் தணிக்கை. பத்திரிகைக்குப் போகும் படங்களில் தோள் சின்னத்தையும் வண்டியின் மேல் வரைந்த சின்னத்தையும் தணிக்கை அதிகாரிகள் சுரண்டியோ மை பூசியோ மறைத்தார்கள். ரகசியமாகப் படை நகரும்போது சின்னத்தைக் கழற்றச் சொல்வதும் உண்டு. சட்டைக் கையில் தைத்து எடுத்த தடம் மட்டும் இருந்தால் அதையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு படம் திரும்பி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்செடுத்தால் இடது வலதாகும், கழுகின் அலகும் எதிர்ப்பக்கம் பார்க்கும். சட்டைப் பொத்தான் பக்கத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.

டிவிஷன் தெரிந்தால் பாதி வழிதான் வந்திருக்கிறோம். ஒரு டிவிஷனில் பல்லாயிரம் பேர். அடுத்த பாதிக்குத் தொப்பியின் பேட்ஜும், தோள்வாரின் பித்தளை எழுத்தும் உதவும். அவை ரெஜிமெண்டைச் சொல்லும். கையில் ஒரு முக்கோணப் பட்டை என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். மார்பில் ரிப்பன் இருந்தால் காலத்தைக் குறுக்கலாம். ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன் 1943-இல் வந்தது, ஆகவே அந்த ரிப்பன் உள்ள படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்காது. இத்தாலி ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் 1945-இல் வந்தவை. உடையும் பேசும்: கனத்த கம்பளிச் சட்டை என்றால் இத்தாலியின் குளிரை நினைக்கலாம், அகன்ற ஓரத்தை ஒரு பக்கம் மடக்கிய தொப்பி என்றால் பர்மாவை. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். கெய்ரோ, நேப்பிள்ஸ், ராஞ்சி, பெங்களூர் என்று ஊர்ப் பெயர் மட்டும் மிச்சமிருந்தாலும் அது பெரிய பிடிப்பு.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து. சின்னம், பேட்ஜ், ரிப்பன், உடை, ஊர் முத்திரை, வீட்டு நினைவு ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒரே திசையைக் காட்டினால்தான் எழுதி வைக்கலாம். இன்று இதில் புதிய ஆபத்து ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் அது பளபளவென்று திருப்பித் தரும். தோளில் அழகான சின்னம் ஒன்று தெரியும், வண்ணமும் இருக்கும். அது அந்தப் படத்தில் இருந்ததில்லை, செயலி தானாகப் புனைந்தது. தாத்தாவின் தோளில் இல்லாத பறவையை உட்கார வைத்துவிட்டு அவர் வரலாற்றைத் தேடக்கூடாது. மூலப் படத்தை நல்ல நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, திருத்தாத கோப்பாக ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

போருக்குப் பின்னும் பறந்தது

கழுகு இத்தாலியிலிருந்து கிரீஸுக்குப் போய், போர் முடிந்து இந்தியா திரும்பியது. சிப்பாய்கள் பலர் ஊருக்கு வந்தார்கள். சின்னம் ஓய்வு பெறவில்லை. 1947 ஆகஸ்டில் பஞ்சாப் பற்றியெரிந்தபோது அமைத்த எல்லைப் படைக்கு 4-ஆம் டிவிஷனே அடித்தளம். அதன் தலைவர் மேஜர் ஜெனரல் ரீஸ், பர்மாவில் குத்துவாள் டிவிஷனை நடத்தியவர். ஒரே மாதத்தில், செப்டம்பர் 1-இல், அந்தப் படை கலைக்கப்பட்டது. அந்த நிலத்தில் நடந்ததைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லாமல் போயிற்று.

பிரிவினையில் சின்னம் இந்தியாவின் பங்குக்கு வந்தது. 1962-இல் இதே டிவிஷன் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையிலும் சேலாவிலும் சீனப் படையிடம் பெரிய அடி வாங்கியது. மூன்றே வருஷத்தில், 1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகளைக் கரும்புக் காட்டுச் சேற்றில் மடக்கிப் பெயரை மீட்டது. இன்றும் பிரயாக்ராஜில் தலைமையிடம் கொண்டு செங்கழுகு டிவிஷன் என்ற பெயரோடே இருக்கிறது. வெள்ளைக்கார ராஜாவின் படைக்காகத் தைத்த துணி, குடியரசின் படையிலும் அதே கறுப்பு, அதே சிவப்போடு இருக்கிறது. அதன் கீழ் வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு, பிறர் போரில் இறந்தவர்களும் உண்டு. அந்தத் துணியைப் பெருமைக்காக மட்டும் எடுத்துப் பார்த்தால் அதன் வாழ்க்கையில் பாதியை விட்டுவிடுவோம்.

பெயர் எழுதுவது யார்

சின்னம் ஒரு மனிதரை டிவிஷன்வரை கொண்டுபோய் விடும், அதற்கு மேல் போகாது. கம்பெனியை அறிய ஆவணம் வேண்டும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயர், பட்டாள எண், படைப்பிரிவு, பல சமயம் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும் கிடைக்கும். சாப்பர் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தைக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன் மையத்தை. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அந்த டிவிஷன்களின் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் படத்தின் பின்னணி மலையோ கட்டிடமோ அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போகலாம்.

ஆவணமும் தராத ஒன்று உண்டு. படத்தில் இரண்டாவதாக நிற்பவர் யார் என்பதை எந்த அருங்காட்சியகமும் சொல்லாது. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அத்தையோ பெரியம்மாவோ மட்டும்தான் சொல்வார். அவர் சொன்னதைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், ஊர், சொன்னவர் யார், எந்த வருஷம் சொன்னார். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். துணியே கையில் இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் மடிக்காமல் வையுங்கள். கம்பளிக்கு அந்துப்பூச்சி எதிரி, வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். சட்டையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டாம். தையல் நூலும் ஒரு சாட்சி.

ஒரு புடவையின் டிசைன் எந்தத் தறியில், யார் கையில் பிறந்தது என்பதைத் தலைமுறை கடந்து நினைவில் வைத்திருக்கிற தெருக்கள் இந்த ஊரில் உண்டு. தறியை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்களையும் அதே அக்கறையோடு நினைவில் வைக்க நம்மால் முடியும். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிற படங்களைத் தெருவாரியாக ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ சேர்த்து, ஸ்கேன் செய்து, பெயர் போட்டு வைத்தால் அது காஞ்சிபுரத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் இன்று காலியாகக் கிடக்கும் ஒரு பக்கத்தை நிரப்பும். அதற்குப் பெரிய செலவு இல்லை. பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.